பரிசில் அல்ல, கூலி

1891ஆம் ஆண்டில் ஒருநாள், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள ஏதென்ஸ் நகருக்கு ஹேரியட் பவர்ஸ் என்ற கறுப்பினப் பெண் மாட்டுவண்டியில் வந்தார். அடிமையாகப் பிறந்தவர். அப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். மடியில் ஒரு மூட்டை. மாவுப் பைக்குள் வைத்து, மேலே சாக்கும் சுற்றியிருந்தார். உள்ளே இருந்தது அவர் தைத்த ஒட்டுத்துணிப் போர்வை. ஆதாம் ஏவாள் முதல் இயேசுவின் திருக்குடும்பம்வரை பதினொரு கட்டங்களில் பைபிள் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்திருந்தார்.

ஐந்தாண்டுகளுக்கு முன் அதே ஊரின் பருத்திக் கண்காட்சியில் அந்தப் போர்வையைப் பார்த்து மயங்கியவர் ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளை ஓவிய ஆசிரியை. அன்று அவர் விலைக்குக் கேட்டபோது, எந்த விலைக்கும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார் ஹேரியட். இப்போது அவரே கொண்டுவந்திருந்தார். பத்து டாலர் கேட்டார். ஐந்துதான் முடியும் என்றார் ஸ்மித். ஹேரியட் வெளியே போய்க் கணவரோடு கலந்து பேசிவிட்டு வந்தார். காலம் கஷ்டமாக இருக்கிறது, ஐந்துக்கே கொடுத்துவிடலாம் என்று கணவர் சொல்வதாகச் சொன்னார். ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன கதை என்று விளக்கிவிட்டுப் போனார். பிறகும் சிலமுறை வந்து, விற்ற போர்வையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இருவரும் சம்மதித்த விலை அது. யாரும் யாரையும் மிரட்டவில்லை. ஜென்னி ஸ்மித்தைக் கொடுமைக்காரி என்றும் சொல்ல முடியாது. ஹேரியட் சொன்ன விளக்கங்களை எழுதிவைத்தவரே அவர்தான். அவர் இல்லையென்றால் நமக்கு அந்தப் பெயரே தெரியாமல் போயிருக்கும். அப்படியென்றால் ஐந்து டாலர் நியாயமான விலைதானா?

இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து எனக்கு வரவில்லை. வகுப்பறையில் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கறுப்பினப் பெண் கவிஞரின் ஐந்து கவிதைகளைத் தமிழாக்கி ஒரு சிறுபத்திரிகைக்குக் கொடுத்தேன். எழுபது வயதைக் கடந்தவர், இன்றும் எழுதிக்கொண்டிருப்பவர். முந்நூறு பிரதி அச்சிடும் இதழ் அது. வந்ததும் நகல் எடுத்து முதுகலை மாணவிகளுக்குக் கொடுத்துப் பாடம் நடத்தினேன். அடிமை முறை, கறுப்பினப் பெண்களின் உழைப்புச் சுரண்டல் என்று ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். கடைசியில் ஒரு மாணவி எழுந்தாள்.

"அம்மா, நாம இதைப் போட்டதுக்கு அவங்களுக்குக் காசு போச்சா?"

"சிறுபத்திரிகைம்மா. எனக்கே எதுவும் வரல."

"உங்களுக்கு வரலன்னு உங்களுக்குத் தெரியும்ல. அவங்களுக்கு, போட்டதே தெரியாதுல்ல?"

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். மணி அடித்தது நல்லதாகப் போயிற்று.

கவிஞர் காசைப் பற்றிப் பேசலாமா என்ற கூச்சம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. ஆனால், அமெரிக்காவில் கவிதை நூல் வெளியிட்ட முதல் கறுப்பினத்தவரான ஃபிலிஸ் வீட்லிக்கு அந்தக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. 1761இல், ஏழெட்டு வயதில், ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் பாஸ்டனுக்குக் கொண்டுவந்து விற்கப்பட்டவர் அவர். அவர் பெயரே அந்தக் கப்பலின் பெயர். அவருடைய நூல் 1773 செப்டம்பரில் லண்டனில் வெளியானது. அடுத்த மாதம் அவர் நியூ ஹேவனில் இருந்த ஒரு கர்னலுக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. தனக்கு விடுதலை கிடைத்துவிட்டதைச் சொல்கிறார். விற்பனையில் பாதி தனக்கு வரும் என்கிறார். இனிச் சொந்தக் காலில் நிற்க வேண்டும், ஆகவே வாங்குவோரைச் சேர்த்துத் தாருங்கள் என்று கேட்கிறார். அந்த ஊர் அச்சகத்தார் யாரும் நூலைத் திருட்டுத்தனமாக அச்சிட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது எனக்குப் பெரிய நஷ்டம் என்றும் சொல்கிறார். தன் உடம்பே தனக்குச் சொந்தமாகிச் சில நாள்களே ஆன இருபது வயதுப் பெண், தன் எழுத்தும் தனக்குச் சொந்தம் என்று உடனே கணக்குச் சொல்கிறார். அதை வாசித்தபோது என் கையில் இருந்த நகல்தாள்கள் உறுத்தின. திருட்டுத்தனமாக அச்சிடுவோரைப் பற்றி அவர் எழுதிய வரி எனக்கும் சேர்த்து எழுதியதுபோல இருந்தது.

1779இல் வீட்லி இரண்டாம் நூலுக்கு அறிவிப்பு வெளியிட்டார். 33 கவிதைகள், 13 கடிதங்கள். முன்பணம் கட்டிப் பதிவு செய்வோர் போதுமான அளவில் சேரவில்லை. 1784இல், முப்பது வயதைச் சற்றே கடந்தவராக, வறுமையில் இறந்தார். நூல் வரவேயில்லை, கையெழுத்துப் படியும் தொலைந்துபோனது. நியாயமான கூலி கிடைக்காதபோது நாம் இழப்பது இதைத்தான். அவருக்குக் கொடுக்காத பணத்தை என்றாவது ஒருநாள் கணக்கிட்டுவிடலாம். வராமல்போன கவிதைகளை எப்படிக் கணக்கிடுவது?

தமிழ் படித்தவளுக்கு இங்கே பெருஞ்சித்திரனார் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. வீட்டின் பசியைப் புறநானூற்றில் அப்பட்டமாக எழுதிவைத்த புலவர் அவர். அதியமான் அவரை நேரில் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பியபோது அதை வாங்க மறுத்தார். காசு மட்டும் போதாது, என்னை அறிந்து கொடு என்பது அவர் கேட்டது. கறுப்பினப் பெண்களுக்கு நடந்தது இதன் மறுபாதி. அவர்களைப் பார்த்தார்கள், வியந்தார்கள், பாடவைத்துக் கேட்டார்கள். கொடுக்கும்போது மட்டும் கை சுருங்கியது. அறிதலும் கொடுத்தலும் ஒரே செயலின் இரு பாதிகள். ஒன்றைத் தந்து மற்றதைத் தராமல் விட்டால் இரண்டுமே பழுது.

ஆனாலும் பரிசில் என்ற சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. பரிசில் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. கூலி வேலையைப் பொறுத்தது. பரிசிலுக்கு நன்றி சொல்ல வேண்டும். கூலிக்கு வேண்டியதில்லை.

ஸோரா நீல் ஹர்ஸ்டனின் வாழ்க்கை இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. 1927 டிசம்பரில் நியூயார்க்கின் செல்வச் சீமாட்டி ஷார்லட் ஆஸ்குட் மேசனுடன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மாதம் 200 டாலர். அன்றைக்கு அது சின்னத் தொகை இல்லை. தென்மாநிலங்களில் சுற்றிக் கறுப்பின மக்களின் கதைகளையும் பாடல்களையும் வழக்குகளையும் சேகரிக்க வேண்டும். சேகரித்தவை அனைத்தும் மேசனுக்குச் சொந்தம். அவர் அனுமதியில்லாமல் ஹர்ஸ்டன் எதையும் வெளியிட முடியாது. தன்னை 'காட்மதர்', அதாவது ஞானத்தாய், என்று அழைக்கச் சொன்னார் மேசன். ஹர்ஸ்டன் அப்படியே அழைத்தார். தன் மக்களின் வாயிலிருந்து, தன் காதால் கேட்டு, தன் கையால் எழுதியவற்றை அச்சிட இன்னொருத்தியிடம் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். தொகை போதுமானதா என்று மட்டும் கேட்டால் இந்த ஒப்பந்தத்தில் குறை சொல்ல முடியாது. படைத்தது யாருக்குச் சொந்தம் என்று கேட்டால்தான் அதன் அநீதி தெரியும்.

1937இல் வந்த அவரது நாவல் 'தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் பரவலாகப் பாடமாக இருக்கிறது. வாழ்நாளில் எந்தவொரு நூலுக்கும் அவர் பெற்ற மிக அதிகமான ராயல்டி 943 டாலர் 75 சென்ட். 1950இல் ஒரு பிரபல வார இதழில் அவரது சிறுகதை வெளிவந்த சமயத்தில் மயாமியில் ஒரு வீட்டில் பணிப்பெண்ணாக வேலை செய்துகொண்டிருந்தார். 1960 ஜனவரியில் அரசு ஆதரவற்றோர் இல்லம் ஒன்றில் இறந்தார். நண்பர்கள் திரட்டிய பணத்தில் அடக்கம் நடந்தது. கல்லறைக்குக் கல் இல்லை. 1973இல் ஆலிஸ் வாக்கர் களை மண்டிய அந்த இடுகாட்டில் தேடி அலைந்து, இங்கேதான் இருக்கும் என்று தோன்றிய இடத்தில் தன் செலவில் கல் வைத்தார்.

பெஸ்ஸி ஸ்மித்துக்கும் இப்படித்தான். 1923இல் கொலம்பியா நிறுவனம் அவரைப் பதிவு செய்யத் தொடங்கியது. அவர் இசைத்தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றன. அவருக்குக் கிடைத்ததோ, பதிவான ஒவ்வொரு பாட்டுக்கும் ஒருமுறை கொடுக்கும் மொத்தத் தொகைதான். ராயல்டி கிடையாது. 1937இல் கார் விபத்தில் இறந்தார். 33 ஆண்டுகள் அவர் கல்லறையும் பெயரில்லாமல் கிடந்தது. 1970இல் கல் வைக்கப் பணம் கொடுத்த இருவரில் ஒருவர் பாடகி ஜானிஸ் ஜாப்ளின். மற்றவர் ஹ்வானிட்டா கிரீன்; சிறு வயதில் பெஸ்ஸியின் வீட்டில் வேலை செய்தவர்.

மொத்தத் தொகை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பாட்டு ஓடாவிட்டாலும் பணம் உண்டு என்பதால் அது பாதுகாப்பாகத் தோன்றும். வாடகை பாக்கி இருப்பவள் அதைத்தான் தேர்ந்தெடுப்பாள். பாட்டு ஓடினால் வரும் லாபம் முழுக்க, காத்திருக்க வசதியுள்ளவருக்குப் போகும். பிக் மாமா தார்ன்டன் 1952இல் 'ஹவுண்ட் டாக்' பாடிப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு அது ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடத்தில் வாரக்கணக்கில் இருந்தது. அதற்குத் தனக்குக் கிடைத்தது 500 டாலருக்கு ஒரே ஒரு காசோலை என்று அவரே சொல்லியிருக்கிறார். 1956இல் எல்விஸ் பிரெஸ்லி பாடியபோது உலகமே அதை எல்விஸ் பாட்டாக்கிக்கொண்டது. பாடலை எழுதியவர்கள் வேறு இருவர். சட்டப்படி உரிமை அவர்களுடையது. அந்த உறுமலும் இடைநிறுத்தமும் ஏளனமும் தார்ன்டனுடையவை. அவற்றுக்குச் சட்டத்தில் பெயரே இல்லை. இன்றும் அமெரிக்காவில் சாதாரண வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்கும் இசைப் பதிப்பாளருக்கும் பணம் போகும், பாடியவருக்குப் போகாது. எழுதத் தெரிந்து பதிவு செய்துகொண்டவரின் உழைப்பு சொத்தாகிறது. தொண்டையின் உழைப்பு காற்றோடு போகிறது.

இதெல்லாம் பழைய கதை, இப்போது சந்தை எல்லோரையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது என்பார்கள். 2020 ஜூனில் எல்.எல். மெக்கின்னி என்ற கறுப்பின எழுத்தாளர், பதிப்பகம் எனக்கு என்ன கொடுத்தது என்று எல்லோரும் வெளிப்படையாகச் சொல்வோம் என்று ட்விட்டரில் அழைத்தார். பேசியது முன்பணத்தைப் பற்றி. வரப்போகும் ராயல்டியில் கழித்துக்கொள்ளும்படி பதிப்பகம் முதலிலேயே தரும் தொகை அது. 2016 முதல் 2018 வரை தொடர்ந்து மூன்றாண்டுகள் ஹ்யூகோ விருது வாங்கிய மூன்று நாவல்களுக்குத் தலா 25,000 டாலர் பெற்றதாகச் சொன்னார் என்.கே. ஜெமிசின். ஜெஸ்மின் வார்டு 2011இல் தேசியப் புத்தக விருது பெற்ற பிறகும் ஒரு லட்சம் டாலர் முன்பணத்துக்குப் போராட வேண்டியிருந்ததைச் சொன்னார். அந்தத் தொகைக்காகப் பதிப்பகமே மாற வேண்டியிருந்தது. முதல் நூலுக்கே பல லட்சம் வாங்கிய வெள்ளை எழுத்தாளர்களும் தம் தொகையைச் சொல்ல முன்வந்தார்கள். அதனால்தான் ஒப்பிட முடிந்தது.

பதிப்பகங்களின் பதில், எவ்வளவு விற்கும் என்று எதிர்பார்க்கிறோமோ அதற்கேற்பக் கொடுக்கிறோம் என்பது. ஆனால் குறைவாக முன்பணம் கொடுத்த நூலுக்கு விளம்பரமும் குறைவாகத்தான் செய்வார்கள். போட்ட முதலை எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லையே. விளம்பரம் குறைந்தால் விற்பனை குறையும். அந்த விற்பனைக் கணக்கைக் காட்டி அடுத்த நூலுக்கும் குறைப்பார்கள். அடுத்தவர் கூலி தெரியாதவரை ஒவ்வொருத்தியும், தன் எழுத்து அவ்வளவுதான் பெறும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். கூலியை ரகசியமாக வைப்பது பண்பாடு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பண்பாட்டால் யாருக்கு லாபம் என்று பார்த்தால் போதும்.

இன்னொரு பதில் உண்டு. அது இன்னும் இனிமையானது. கலை அன்பினால் செய்வது, அதற்கு விலை பேசலாமா என்பது. பெண்களுக்கு இந்தக் குரல் நன்றாகத் தெரியும். சமைப்பது அன்பு, பிள்ளை வளர்ப்பது அன்பு, மாமியாருக்குக் கால் பிடிப்பது அன்பு. எதற்கெல்லாம் கூலி தர மனமில்லையோ அதற்கெல்லாம் அன்பு என்று பெயர். பெண்ணுக்கு எழுதப் பணமும் தனியறையும் வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதியதை நாம் மேற்கோள் காட்டிச் சலித்துவிட்டோம். தன்னையே தான் உடைமையாகக் கொண்டிராத ஃபிலிஸ் வீட்லியை அந்த அறையில் எங்கே உட்காரவைப்பது என்று ஆலிஸ் வாக்கர் கேட்டதை அவ்வளவாகக் காட்டுவதில்லை. கறுப்பினப் பெண்ணின் உழைப்பு அன்பு என்ற பெயர்கூட இல்லாமல் சாட்டையால் எடுக்கப்பட்டது. அந்த வரலாற்றின்மேல் நின்றுகொண்டு அவளிடம் அன்புக்காக எழுது என்று சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது. ஆக்டேவியா பட்லர் பாத்திரம் கழுவியும், சிப்ஸ் ஆலையில் தரம் பார்த்தும் பிழைத்துக்கொண்டு, பின்னிரவு இரண்டு மணிக்கு எழுந்து நாவல் எழுதினார். அது அவருடைய அன்பு. அந்த இரண்டு மணியை அவர்மேல் சுமத்திய உலகம் அதைப் புகழ்ந்து தப்பித்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் நியாயமான கூலி என்பது என்ன? ஹேரியட் பவர்ஸிடம் திரும்பிப் போகிறேன். 1886இல் எந்த விலைக்கும் இல்லை என்ற போர்வை 1891இல் ஐந்து டாலருக்குப் போனது. இடையில் போர்வை மாறவில்லை. அவர் வீட்டு நிலைமை மாறியது. ஆகவே அந்த ஐந்து டாலர் போர்வையின் விலையே அல்ல. அது அவருடைய நெருக்கடியின் விலை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியேற முடிகிறவளின் சம்மதம்தான் சம்மதம். ஸ்மித்திடம் உண்மையாகவே ஐந்துதான் இருந்திருக்கலாம். தனிமனிதரின் நல்ல மனத்தை நம்பி நியாயத்தை விட முடியாது என்பதற்கு அதுவே சாட்சி. நெருக்கடியில் விற்றவளுக்குப் பின்னாளில் பங்கு வரும்படி ஓர் ஏற்பாடு வேண்டும். ஓவியம் கைமாறி விற்கும்போதெல்லாம் ஓவியருக்கு ஒரு பங்கு என்ற சட்டத்தை 1920இலேயே பிரான்ஸ் இயற்றியது. அமெரிக்காவில் அப்படியொரு தேசியச் சட்டம் இன்றுவரை இல்லை.

அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் பெண்கள் இதைத் தாங்களாகவே கற்றார்கள். அவர்களும் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்கள். அந்த வட்டாரத்துப் பெண்கள் 1966இல் ஒரு கூட்டுறவு அமைத்து விற்றார்கள். 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அவர்கள் போர்வைகளைச் சுவரில் மாட்டியது. 2006இல் தபால்தலையிலும் அச்சிட்டார்கள். 2007இல் அவர்களில் சிலர், தங்கள் வடிவங்களை வைத்துப் பிறர் சம்பாதிப்பதாகச் சொல்லி நீதிமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. இவ்வளவு புகழ் கொடுத்தும் நன்றியில்லையே என்று தோன்றினால், பரிசிலையும் கூலியையும் நாம் இன்னும் குழப்பிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். இப்போது அவர்களில் பலர் இணையத்தில் கடை வைத்து, விலையைத் தாங்களே போட்டு விற்கிறார்கள்.

என் கணக்கும் பாக்கியிருக்கிறது. கறுப்பினப் பெண்களின் எழுத்தைப் படித்துத்தான் என் தலைமுறையில் பலர், சாதியும் பாலினமும் சேர்ந்து அழுத்துவதைச் சொல்ல மொழி தேடினோம். எங்களோடு நிற்பவர்கள் என்ற உரிமையில் எடுத்தோம். உறவு என்று சொல்லிக் கேட்காமல் எடுப்பது எவ்வளவு பழைய வழக்கம் என்பது பிறகுதான் உறைத்தது. அந்த மாணவி படித்து முடித்துப்போய் ஓராண்டு கழித்து, கவிஞரின் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினேன். கேட்காமல் வெளியிட்டதைச் சொன்னேன், இதழை அனுப்பினேன், தொகையும் கேட்டேன். இரண்டு மாதம் பதில் இல்லை. பிறகு வந்தது. எத்தனை பிரதி, என்ன விலை என்று விசாரித்துவிட்டு ஐம்பது டாலர் போட்டிருந்தார்கள். இதழாசிரியரிடம் சொன்னேன்.

"தோழர், இதழே கடன்ல ஓடுது. இப்படி ஆரம்பிச்சா மொழிபெயர்ப்பே போட முடியாது."

அவர் சொன்னது பொய்யில்லை. அவர் மனைவியின் நகை அடகில் இருப்பது எனக்குத் தெரியும். பணத்தை நானே அனுப்பினேன். அனுப்பிவிட்டேனே தவிர, ஆலிஸ் வாக்கரும் ஹ்வானிட்டா கிரீனும் தங்கள் கைக்காசைப் போட்டது போலத்தான் இதுவும். ஒருத்தியின் பாக்கியை இன்னொருத்தி அடைப்பதால் பாக்கி வைக்கும் வழக்கம் நின்றுவிடாது. ஜென்னி ஸ்மித் ஐந்துதான் இருக்கிறது என்றபோது எப்படிச் சொல்லியிருப்பார் என்று மட்டும் இப்போது எனக்குக் கொஞ்சம் புரிகிறது. ஆனால் இல்லாமையின் பாரத்தை ஏன் எப்போதும் போர்வை தைத்தவளே சுமக்க வேண்டும்? காகிதக் கடைக்காரருக்கும் அச்சகத்துக்கும் கடன் வாங்கியாவது கொடுத்துவிடுகிறோம். கவிதைக்கு மட்டும்தான் இல்லை என்று கை விரிக்கிறோம்.

இந்தத் தொகுப்புக்குக் கட்டுரை கேட்டபோது சன்மானம் எவ்வளவு என்று கேட்டேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. ஒரு தொகை சொன்னார்கள். அடுத்து அந்தக் கவிஞரின் நூல் ஒன்றை முழுதாகத் தமிழில் கொண்டுவரலாம் என்ற பேச்சும் வந்தது. உரிமைத்தொகையை அச்சுச் செலவு, காகிதச் செலவோடு சேர்த்து முதல் வரியில் எழுதுங்கள், பிறகு பேசலாம் என்றேன். எழுதியிருக்கிறார்கள். பிரதிகளை 500ஆகக் குறைக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். குறையட்டும்.